மேற்குப் பகுதிக்கு வகுப்பு இல்லை

வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று கேட்டால் அவள் உடனே பதில் சொல்லிவிடமாட்டாள். விழுந்தவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று திருப்பிக் கேட்பாள். குளியலறைக்கு அவசரமாகப் போனாரா, தொலைபேசி அடித்ததா, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தாரா, காலில் போட்டிருந்தது தேய்ந்துபோன செருப்பா. யார் வீட்டுக்குப் போனாலும் தரைவிரிப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் போகும். "இவளை எங்கேயும் கூட்டிட்டுப் போக முடியல. தரையை விசாரிச்ச பிறகுதான் மனுஷங்களையே விசாரிக்கிறா" என்று அவள் கணவர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் பிசியோ மேடம். விழுந்து, எலும்பு முறிந்து, அறுவை முடிந்து, தரையில் கால் வைக்கவே நடுங்குகிறவர்களைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்கவைப்பது அவள் வேலை. ஒருவரை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினால் அதே கட்டிலுக்கு இன்னொருவர் வந்துவிடுவார். சில சமயம் அனுப்பியவரே திரும்பி வருவார், இந்த முறை மற்றக் காலோடு. கூரை ஒழுகுகிற வீட்டில் ஓயாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், மருத்துவமனையில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, விழுவதற்கு முன்பே தடுப்பது எப்படி என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குவதற்காகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நூலகத்துக்குப் போனால் பேராசிரியர் வந்துவிட்டதாக நினைத்து மாணவர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆராய்ச்சிக்கு ஒரு முதியோர் இல்லம் தேவைப்பட்டது. அது கிடைத்ததற்குக் காரணம் அவளுடைய தாய்மாமன்.

மாமா சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல் கரைக்கு வந்தால் அக்கா வீடுதான் அவருக்கு வீடு. வந்தவுடன் அக்காவை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டுத் தானே சமைப்பார். குறைவாகச் சமைக்கத் தெரியாது. வீட்டில் இருக்கிற நாலு பேருக்குச் சமைக்கிறேன் என்று இறங்கினால் தெருவே சாப்பிடும். கடலை விட்ட பிறகு அக்காவும் போய்ச் சேர்ந்துவிட, அக்கா மகளான இவள் வீட்டிலேயே இருந்தார். வீடு மாடியில். படிகள் செங்குத்தானவை, கைப்பிடிச் சுவர் பாதியோடு நின்றுவிடும். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் அவர் கீழே இறங்குவதே நின்றுபோனது. பகலெல்லாம் கணவன் மனைவி இருவரும் வேலையில். சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு மேலேயிருந்தே பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவராகவே சொன்னார்.

"பாப்பா, என்னைய ஏதாவது ஹோம்ல சேத்துவிடு. நான் கும்பலோட இருந்து பழகினவன். இங்க இருந்தா பேச ஆளில்லாமலே செத்துருவேன்."

இல்லத்தில் அவர் சேர்ந்த சில வாரங்களிலேயே மேற்குப் பகுதி முழுவதும் அவருக்குச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டது. அறையைக் கேபின் என்பார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதை மேல்தளத்துக்குப் போவது என்பார். அவரை எல்லோரும் 'கப்பல்' என்றே கூப்பிட்டார்கள். மாலைத் தேநீர் வந்ததும், படுத்த படுக்கையாக இருந்த கடைசி அறைக்காரருக்குத் தட்டில் கோப்பையை வைத்து இவரே கொண்டுபோய்க் கொடுப்பார். "பாத்துப் போங்க மாமா" என்று மருமகள் சொன்னால், "ஆடுற தரையிலயே ஒரு சொட்டு சிந்தாம நடந்தவன் நான்" என்பார்.

அவர்மேல் இருந்த பிரியத்தால்தான் இல்லத்தின் மேலாளர் ஆராய்ச்சிக்குச் சம்மதித்தார். ஏற்பாடு எளிமையானது. இல்லத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பகுதிகள். நடுவில் பொதுவான சாப்பாட்டுக் கூடம். ஒரு பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் கால்களுக்கு வலுவும் உடம்புக்குச் சமநிலையும் தருகிற பயிற்சி வகுப்பு. மற்றப் பகுதிக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருஷம் கழித்து எந்தப் பக்கம் எவ்வளவு பேர் விழுந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பலன் இருந்தால் மற்றப் பகுதிக்கும் அதே வகுப்பு. எந்தப் பகுதிக்கு முதலில் என்பதை ஆராய்ச்சி செய்கிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கலில்தான் விழ வேண்டும். கணினியில் குலுக்கிப் பார்த்தவர் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியை.

"கிழக்குக்குப் பயிற்சி. மேற்கு ஒப்பீட்டுக் குழு" என்றார் அவர்.

"மேற்குலதான் மேடம் எங்க மாமா இருக்காரு."

"தெரியும். உங்க சொந்தக்காரர்ங்கறதால எப்படியும் அவரைக் கணக்குல சேக்க முடியாது. அவர் விழுந்தாலும் விழாட்டியும் நமக்கு அது டேட்டா இல்ல."

"கணக்குலயே இல்லைன்னா, அவருக்கு மட்டும் நான் தனியா சொல்லிக் குடுக்கலாமா?"

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடுமையானவர் அல்ல. கேள்வியை உடனே தள்ளிவிடவும் இல்லை.

"அவர் எப்படிப்பட்டவர்? கத்துக்கிட்டதை தனக்குள்ளயே வச்சுக்குவாரா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒரு சீட்டு விளையாட்டக் கத்துக்கிட்டா அன்னிக்கு சாயங்காலமே மொத்தக் கூடத்துக்கும் கத்துக்குடுத்திருவாரு" என்றாள்.

"பாத்தீங்களா. அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆயிடும். பயிற்சியால ஒரு பலனும் இல்லைன்னு முடிவு வரும். அதைப் படிச்சிட்டு எத்தனை இடத்துல இதைக் கைவிட்டுடுவாங்க, யோசிச்சுப் பாருங்க. இது மறுக்கறது இல்லம்மா. காத்திருக்கச் சொல்றதுதான்."

அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளே மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள். பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது, எதிர்த்துப் பேச ஒரு வார்த்தைகூட அகப்படவில்லையே என்பதுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

கிழக்குப் பகுதியில் வகுப்பு ஆரம்பமானது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பழைய பாட்டு ஒன்றை வைத்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்தபடி நிற்கச் சொல்வாள். குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலில் நிற்பது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தரையில் ஒட்டிய பட்டைமேல் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நடப்பது. தொடக்கத்தில் ஒரே முனகல். மூட்டுவலித் தைல வாசனை கூடம் முழுக்க அடிக்கும். போகப் போக முனகல் குறைந்து கேலி வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எல்லோரும் டீச்சரம்மா என்று அழைப்பார்கள். அவருக்கு முதலில் எழுந்திருக்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு காலில் நின்றுகொண்டே பக்கத்திலிருப்பவரின் கால் சரியில்லை என்று திருத்தினார்.

பாட்டுச் சத்தம் மேற்குப் பகுதிக்கும் கேட்கும். சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடிக் கதவருகே சிலர் வந்து நின்று பார்ப்பார்கள். மாமாவும் நிற்பார்.

"எங்களுக்கு ஏம்மா அந்த ஆட்டம் இல்ல?" என்று ஒருநாள் கேட்டார்.

"உங்களுக்கும் வரும் மாமா. கொஞ்ச நாள் போகட்டும்."

"சரி சரி. முதல் பந்தியில எடம் இல்லைன்னா அடுத்த பந்தி. எனக்கு ஒண்ணும் இல்ல. இவங்கதான் கேக்கச் சொன்னாங்க" என்று தன் பின்னால் நின்றவர்களைக் காட்டிவிட்டுப் போனார்.

அவருக்குச் செய்யக்கூடியதையெல்லாம் அவள் செய்தாள். வழக்கமான கவனிப்பில் அடங்குகிற எதற்கும் தடையில்லை. பின்பட்டி வைத்த காலணி வாங்கிக் கொடுத்தாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடச் செய்தாள். கண்ணைப் பரிசோதிக்க அழைத்துப் போனாள். தலைசுற்றல் தருகிற மாத்திரையை மருத்துவரிடம் சொல்லி மாற்றினாள். காலுக்குப் பலம் தருவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்தாள்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஏதோ எடுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கை கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி டீச்சரம்மா குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாமா. மாமாவை அடுத்து மேற்குப் பகுதிக்காரர்கள் வரிசையாக. எல்லோர் முகத்திலும் பள்ளிக்கூடத்தில் திருட்டுத்தனம் பண்ணும் பிள்ளைகளின் களை.

அவள் மாமாவை மெல்லத் தனியே அழைத்துப் போனாள்.

"என்ன மாமா இது?"

"டீச்சரம்மா சொல்லிக்குடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கு. கெண்டைக்கால்ல சுருக்குன்னு இழுக்குது."

"இதை இப்ப நீங்க செய்யக்கூடாது மாமா."

"ஏன், எனக்கு ஒத்துக்காதா?"

ஒத்துக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னாள். இரண்டு பகுதி, ஒரு குலுக்கல், ஒப்பீடு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கசிந்தால் எல்லாம் வீண் என்பது. அவர் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பவரைப்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதாவது, ஒரு பானையில உப்புப் போட்டு ஒரு பானையில போடாம வச்சுப் பாக்குற."

"ஆமா மாமா."

"நாங்க உப்பு போடாத பானை."

"மழைக்காலம் முடிஞ்சதும் உங்களுக்கும் ஆரம்பிச்சிருவேன்."

"அதுக்குள்ள நான் எங்க போயிடப்போறேன். இந்த வயசுல ராப்பகலா படிக்கிற. அது கெட்டுப்போக நானா காரணமா இருக்கணும்? விடு." தொட்டியருகே இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார். "எல்லாரும் போய் உக்காருங்க. நம்ம கப்பல் இன்னும் கெளம்பல."

அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து காவல் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மேற்குப் பகுதியில் யாராவது கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கினால், "அதெல்லாம் இப்ப கூடாது, பிள்ளை படிப்புக் கெட்டுப்போகும்" என்று தடுத்தார். டீச்சரம்மா தொட்டியருகே நின்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்க ஆட்டத்த உங்க எல்லைக்குள்ள வச்சுக்குங்கம்மா" என்றார். டீச்சரம்மாவுக்குக் கோபம். சில வாரம் அவரோடு பேசவில்லை.

இதையெல்லாம் அவள் கணவரிடம் சொன்னபோது, "பேசாம மாமாவ வீட்டுக்கே கூட்டிட்டு வந்திரலாமா? இங்க நீ என்ன வேணா சொல்லிக்குடு, யார் கேக்கப்போறா" என்றார். இருவரும் வாசலுக்குப் போய் மாடிப்படியைப் பார்த்தார்கள். பாதியோடு நிற்கிற கைப்பிடிச் சுவர், மேல்முனையில் திரும்புகிற இடத்தில் குறுகிப்போகிற படி. ஏதோ இதற்கு முன் பார்க்காததைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மாமாவின் நடையில் சில மாற்றங்கள் அவள் கண்ணில் பட்டன. நடந்துகொண்டே பேசுகிறவர், பேச வேண்டுமென்றால் நின்று பேசினார். நாற்காலியிலிருந்து ஒரே வீச்சில் எழுகிறவர் ஒருமுறை எழ முயன்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். திரும்பும்போது உடம்பு மொத்தமாகத் திரும்பாமல் பாதங்கள் தத்தித் தத்தித் திரும்பின. போகிறபோக்கில் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். வேறு யார் கண்ணுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்காது. வயசாகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும். எதைச் செய்தால் எது தேறும் என்றும் தெரியும். கடைவாசலில் கையில் சாவியோடு நிற்கிறவளைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்ததுபோல் இருந்தது.

மறுபடியும் பேராசிரியையிடம் போனாள். "இன்னும் கொஞ்ச காலம்தானேம்மா. கைத்தடி குடுங்க, அது வழக்கமான கவனிப்புத்தான்" என்றார் அவர். கைத்தடி கொடுத்தாள். மாமா அதை வாங்கி, அழகாக இருக்கிறது என்று சொல்லி, கேபினின் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார். கையில் தட்டு இருக்கும்போது தடியை எந்தக் கையால் பிடிப்பது என்று கேட்டார். தட்டைத் தூக்காதீர்கள் என்றாள். தலையாட்டினார். தூக்கினார்.

அன்று கிழக்குக் கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நாற்காலி முதுகைப் பிடித்தபடி ஒரு காலில் நின்றார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கமிருந்து பீங்கான் உடைகிற சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம், மந்தமாக. அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும். மேற்குப் பகுதியின் உதவியாளர்ப் பெண் கதவருகே ஓடிவந்து நின்றாள். இவளைப் பார்த்தபடியே நின்றாள்.

ஓட முடியவில்லை. வட்டத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். விட்டுவிட்டு ஓடினால் அவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பினால் விழுவார்கள்.

"காலைக் கீழ வைங்க" என்றாள். குரல் எப்போதும்போல் வந்தது. "ரெண்டு கையாலயும் நாற்காலியப் பிடிச்சுக்குங்க. அவசரம் இல்ல. மெதுவா நாற்காலியச் சுத்தி முன்னால வாங்க. காலுக்குப் பின்னால நாற்காலி படுதா? இப்ப உக்காருங்க."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். காது மந்தமான ஒருவர் மட்டும் இன்னும் காலைத் தூக்கியபடி புன்னகையோடு நின்றார். அவருடைய தோளைத் தொட்டு, இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தாள். டீச்சரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் கதவை நோக்கி நடந்தாள். நடைபாதையில் ஓடினாள்.

மாமா தேநீர் மேசையருகே ஒருக்களித்துக் கிடந்தார். கடைசி அறைக்காரருக்கான கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பின்னாலிருந்து யாரோ, "கப்பல், எனக்குச் சர்க்கரை போடல" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டென்று திரும்பியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. சுற்றிலும் தேநீர் பரவியிருந்தது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எக்ஸ்ரே எடுக்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கோப்பையெல்லாம் போச்சு பாப்பா" என்றார்.

"போகட்டும் மாமா. அசையாதீங்க."

"இந்தக் காலு எங்கிட்டப் பேச மாட்டேங்குது."

"அசையாதீங்க மாமா. வண்டி வருது." அவர் தலைக்கடியில் கையை வைத்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் இத்தனை காலம் வேலை பார்த்த அதே மருத்துவமனை, அதே பிரிவு. இடுப்பெலும்பில் அறுவை நடந்தது. நன்றாகவே நடந்தது என்றார் மருத்துவர். ஆனால் மயக்கம் தெளிந்தபோது மாமா கரையில் இல்லை, கடலில் இருந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுப்ப அணை, அலை வருது" என்று சத்தம் போட்டார். மருமகளை அடையாளம் தெரியவில்லை. அவள் கப்பல் சமையலறையில் புதிதாகச் சேர்ந்தவளாகத் தோன்றியிருக்க வேண்டும். "நிக்கிற பாரு மரமாட்டம். பானையெல்லாம் கட்டுன்னு சொன்னேன்ல?" என்று அதட்டினார்.

"கட்டிட்டேன்" என்றாள் அவள்.

"மேல்தட்டுல இருக்கறது?"

"அதையும் கட்டிட்டேன்."

அதைக் கேட்டுக் கொஞ்சம் அடங்கினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். குழப்பம் தெளியப் பல நாள் ஆயிற்று. தெளிந்தபோது அவர் பழைய மாமாவாக இல்லை. கேட்டால் பதில் சொன்னார். அதற்குமேல் பேச்சில்லை.

பேராசிரியை பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அவருக்கு நான் சொல்லிக் குடுத்திருந்தா விழுந்திருக்க மாட்டாருல்ல?"

"தெரியாது."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறதுக்கு மதிப்பே இல்லம்மா. நூறு பேருக்கு என்ன ஆகும்னு நம்மளால சொல்ல முடியும். இந்த ஒருத்தருக்கு என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பயிற்சி எடுத்தும் விழறவங்க இருக்காங்க. நம்ம கிழக்குலயே விழுந்திருக்காங்களே." பழப்பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆறுதலுக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆறுதலா இருக்காதுன்னு எனக்கே தெரியும்" என்றார்.

மருத்துவமனைக் குறிப்பில் மாமா விழுந்தது பதிவானது. இல்லத்துப் பதிவேட்டிலும் ஏறியது. ஆராய்ச்சியில் மட்டும் அது எங்கும் இல்லை.

கணக்கு முடிந்து முடிவுகள் வந்தன. கிழக்குப் பகுதியில் விழுந்தவர்கள் மேற்கைவிடத் தெளிவாகவே குறைவு. எலும்பு முறிவும் குறைவு. கணினித் திரையில் அதைப் பார்த்தபோது பக்கத்து மேசை மாணவர்கள் கை தட்டினார்கள். அவள் சிரித்தாள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் மனசுக்குள் இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பலன் இல்லை என்று முடிவு வந்திருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். ஆனால் மாமா விழுந்ததில் யாருக்கும் பங்கில்லை. பலன் உண்டு என்றால் படிப்பு ஜெயித்தது. பங்கு அவள் தலைமேல். நல்ல முடிவுதான் வந்தது. ஊர் முழுக்க எத்தனையோ கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் நல்லது செய்யப்போகிற முடிவு. அதை நினைத்து நிம்மதிப்பட முயன்றாள். கொஞ்ச நேரம் முடிந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். பொறுமையாகப் படித்துவிட்டு வந்தவர். அவருடைய முக்கியமான கேள்வி இதுதான்: "ரெண்டு பகுதியும் ஒரே சாப்பாட்டுக் கூடத்துல புழங்குறாங்க. பயிற்சி ஒப்பீட்டுக் குழுவுக்குக் கசியலைன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?"

அரங்கில் பேராசிரியை, கணவர், சில மாணவர்கள். அவள் ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"ஒரு தடவ கசிய ஆரம்பிச்சது. சாப்பாட்டுக் கூடத்துல சிலர் சேர்ந்து செய்யறத நானே பாத்தேன். அன்னிக்கே நிறுத்திட்டேன். மேற்குல இருந்த ஒருத்தர் அதுக்கப்புறம் அங்க யாரும் செய்யாம பாத்துக்கிட்டார்."

"அவர் ஊழியரா?"

"இல்ல. அங்க இருந்தவர்."

"அப்படி ஒருத்தர் கெடச்சது உங்க அதிர்ஷ்டம்" என்றார் தேர்வாளர். "இந்த மாதிரி ஆராய்ச்சில இவ்வளவு கட்டுப்பாட்டை நான் பாத்ததில்ல."

எல்லோரும் அதைப் பாராட்டாகத்தான் கேட்டார்கள். பாராட்டுத்தான். அவள் நன்றி சொன்னாள். பட்டம் உறுதியாயிற்று. வெளியே வந்து கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டதும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

சொன்னபடி மேற்குப் பகுதியிலும் வகுப்பு ஆரம்பமானது. மருத்துவமனை வேலைக்குத் திரும்பிவிட்டதால் விடுமுறை நாட்களில் அவளே வந்து நடத்தினாள். கிழக்குக்கு டீச்சரம்மாவே தலைமை. தொட்டியருகே வரிசையில் நின்றவர்களில் ஒருவர் இப்போது உயிரோடில்லை. மற்றவர்கள் வந்தார்கள். மாமா மேற்கிலேயே படுக்கையாளர்கள் இருக்கும் கடைசி அறைகள் பக்கம் மாற்றப்பட்டிருந்தார். முதல் வகுப்பு அன்று அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுவந்து வட்டத்தில் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"எனக்கு எதுக்கு பாப்பா?"

"உக்காந்துக்கிட்டே செய்யறது இருக்கு மாமா."

செய்தார். சொன்னால் செய்வார். முழங்காலை நீட்டு என்றால் நீட்டினார், மடக்கு என்றால் மடக்கினார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, உதவியாளர்ப் பெண்ணை ஒரு பக்கம் நிறுத்தி, அவருடைய இடுப்பில் பட்டை கட்டி, எழுப்பிப் பார்த்தாள். எலும்பு கூடிவிட்டது. தசையில் இன்னும் பலம் மிச்சமிருந்தது. அவள் கணக்குப்படி அவரால் நிற்க முடியும். எழுந்தார். எழுந்தவுடன் அவருடைய கண்கள் தரையைப் பார்த்தன. அந்தப் பார்வையை அவள் வார்டில் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறாள். அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

"விடாத."

"விடல மாமா. நிக்கிறீங்க பாருங்க. நல்லா நிக்கிறீங்க."

"விடாத பாப்பா."

"புடிச்சிருக்கேன். எங்கயும் போகல."

முகம் வெளுத்து நெற்றியில் வியர்த்தது. "உக்காரணும்" என்றார். உட்காரவைத்தார்கள். மூச்சு அடங்கிய பிறகு, அவள் மணிக்கட்டில் பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

"சரி மாமா."

அடுத்த விடுமுறையிலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும். பயத்துக்கென்று ஒரு பயிற்சி உண்டு, அதையும் செய்து பார்த்தாள். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். முன்னால் மேசை வைத்துப் பார்த்தாள். கணவரைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கச் சொல்லிப் பார்த்தாள். அவர் எழுவார், அவள் கையைப் பிடிப்பார், விடாதே என்பார், உட்காருவார். ஒரு நாளும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நீ முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கவில்லை. ஒரு தடவையாவது கேட்டுவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. டாக்டர் பட்டம் வாங்கியாச்சா என்று மட்டும் ஒருமுறை விசாரித்தார். வாங்கிவிட்டேன் என்றாள். நல்லது என்றார்.

இப்போதும் வருகிறாள். வட்டமாக நாற்காலிகளைப் போடுகிறாள். பாட்டு வைக்கிறாள். மேற்குப் பகுதியில் விழுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று மேலாளர் சொன்னார். வகுப்பு முடிந்ததும் மாமாவின் நாற்காலிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, சக்கரங்களுக்குப் பூட்டுப் போட்டு, அவருடைய பாதங்களைத் தரையில் சரியாக வைக்கிறாள். "எழலாமா மாமா?" என்று கேட்கிறாள். சில நாள் எழுகிறார். சில நாள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "இன்னிக்கு வேணாம்மா" என்கிறார்.